பூங்கோதை டீச்சர் கரைய மாட்டார்

"கரையாத பொருளைக் கரைக்கச் சொல்றாங்கம்மா" என்றார் சென்னியப்பன் வாத்தியார்.

அருக்காணி அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"எதைங்க?"

"எம் பொண்டாட்டியை."

கீரை உருவிய கை நின்றது.

"யாருங்க சொல்றாங்க?"

"எம் பொண்ணு கயல்தான். ஆவணியில வருசத் திதி வருதாம். அதுக்குள்ள அஸ்தியைக் கரைச்சிரணுமாம். கரையாதும்மா. பெரும்பாகம் எலும்புச் சாம்பல். தண்ணியில கரையவே கரையாது."

"சரிங்க" என்றார் அம்மா.

மறுபடி கீரை உருவத் தொடங்கினார்.

வாத்தியாருக்கு ஏமாற்றமாக இருந்தது. ஒரு குரு இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பேசலாம் என்பது அவருடைய நெடுநாள் மனக்குறை.

கொடுமுடிக்குக் கீழே, காவிரிக் கரையில் இருக்கிறது அந்த மடம். மடம் என்றதும் யானை, பல்லக்கு என்று நினைத்துவிட வேண்டாம். ஓட்டு வீடு ஒன்று, வேப்பமரம் நாலு. காலையில் தேவாரம், மதியம் வந்தவர்களுக்குச் சோறு. அருக்காணி அம்மாவுக்குத் துறவு கொடுத்த குருநாதர் நீளமாக ஒரு பெயர் வைத்தாராம். "தபால்காரர் திண்டாடிப் போவாருங்க" என்று சொல்லிப் பழைய பெயரையே வைத்துக்கொண்டார். பேச்சில் கஞ்சம், சோற்றில் தாராளம்.

வாத்தியார் வயதில் அம்மாவுக்கு மூத்தவர். மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். தன்னைச் சீடன் என்று சொல்லிக்கொள்வதில் அவருக்குக் கூச்சமே இல்லை. பெஞ்சில் உட்கார்ந்தால் மாணவன், இதில் வயசு எங்கே வந்தது என்பார்.

போன ஆவணியில் அவர் மனைவி பூங்கோதை டீச்சர் போய்ச் சேர்ந்தார். அதே பள்ளியில், அதே பாடம் நடத்தியவர். அஸ்திப் பானையை வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்று சொந்தபந்தம் எல்லாம் முகம் சுளித்தது. வாத்தியார் ஒரு துணிப்பையும் அந்தப் பானையுமாக மடத்துக்கு வந்துவிட்டார்.

அம்மா ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அறையிலிருந்த அலமாரியின் மேல் தட்டைத் துடைத்துக் கொடுத்தார்.

பானை அன்றிலிருந்து அங்கேதான் இருக்கிறது.

◆

மடத்தில் வாத்தியாரின் வாயிலிருந்து தப்பியவர் கிடையாது.

"கோலமாவு கரைச்சு வெச்சிருக்கேன்" என்பார் சமையல்கார மாராத்தாள்.

"அது கரையாதும்மா, தண்ணிக்குள்ள தூளா நிக்கும். அது தொங்கல்."

"சந்தனம் கரைச்சாச்சு."

"தொங்கல்."

"மஞ்சத்தண்ணி?"

"அதுவும் தொங்கல்தான். உப்பு, சர்க்கரை இதெல்லாம் கரையும். அதுக்குப் பேரு கரைசல்."

மாராத்தாள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். ஒருநாள் கரண்டியைக் கீழே வைத்தார்.

"அப்ப தோசைக்கு மாவைக் கரைக்கறதும் தப்புங்களா?"

"தப்புத்தான்."

"நாளையிலிருந்து மாவைத் தொங்கப்போடறனுங்க. நீங்களே கல்லுல ஊத்திச் சாப்பிட்டுக்கங்க."

மடமே சிரித்தது. வாத்தியாரும் சிரித்தார். ஆனால் சிரித்து முடித்ததும் அறைக்குள் போய், அலமாரியைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். இந்தக் கதையைக் கேட்டு முதலில் சிரிக்க வேண்டியவர் அந்தத் தட்டில் இருந்தார். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

◆

கீரை உருவிய அன்றைக்கு மாலை அம்மா அவரைக் கூப்பிட்டார்.

"ஏனுங்க வாத்தியாரே, எனக்கும் அந்தப் பாடத்தை நடத்துங்க."

"எதைம்மா?"

"ரெண்டு வார்த்தை சொல்லுவீங்களே."

வாத்தியாருக்கு உடம்பு நிமிர்ந்துவிட்டது. யாராவது பாடம் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று! சமையலறைக்கு ஓடி இரண்டு கண்ணாடித் தம்ளர் கொண்டுவந்தார். குடத்துத் தண்ணீரை ஊற்றினார். உப்பு கிடைத்தது.

"சாக்பீஸ் பொடி வேணுமே."

அம்மா திருநீற்றுக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தார்.

"திருநீறாச்சேம்மா!"

"கரையுமுங்களா?"

"பெரும்பாகம் கரையாது."

"அப்பறமென்னுங்க, போடுங்க."

ஒரு தம்ளரில் உப்பு, மறு தம்ளரில் திருநீறு. கலக்கினார். வாத்தியாரின் குரலே மாறிவிட்டது. கடைசி பெஞ்சுக்கும் கேட்கும் குரல்.

"இதுல உப்பு எங்க இருக்கு? தெரியலை. ஆனா எல்லா இடத்துலயும் இருக்கு. மேலயும் கரிக்கும், அடியிலயும் கரிக்கும். எத்தனை நாள் வெச்சிருந்தாலும் பிரியாது. இது கரைசல். அந்தத் தம்ளரைப் பாருங்க. கலங்கலா இருக்கு. தூள் கரையலை, தண்ணிக்குள்ள சும்மா நிக்குது. கொஞ்ச நேரம் அசைக்காம விட்டா அடியில போய் உக்காந்துக்கும். இது தொங்கல்."

"ரெண்டையும் எப்படிங்க கண்டுபிடிக்கறது?"

வாத்தியார் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"அதுக்குப் பூங்கோதை ஒரு வழி வெச்சிருந்தா."

உப்புத் தம்ளரைத் தூக்கித் தன் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"இப்படிப் பிடிச்சுக்கிட்டு, 'என் மூக்குத்தி தெரியுதா?'ன்னு கேப்பா. வகுப்பே 'தெரியுது டீச்சர்'னு கத்தும். அப்பறம் சாக்பீஸ் தண்ணியைப் பிடிப்பா. 'இப்ப?' 'தெரியல டீச்சர்!' அவ்வளவுதாம்மா பாடம். ஒரு பிள்ளை மறந்ததில்லை. பக்கத்து வகுப்புல நான் கரும்பலகை நிறைய எழுதிப் போட்டுட்டு நிப்பேன். என் பசங்க எல்லாம் சன்னல் வழியா அந்த மூக்குத்தியைத்தான் பாத்துக்கிட்டு இருப்பானுங்க."

"நீங்களுங்க?"

"நானும்தான்" என்றார் வாத்தியார்.

அம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பு வாத்தியாரை இன்னும் பேச வைத்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்தது அது. ஆசிரியர் அறையில் தலைமையாசிரியரிலிருந்து பி.டி. மாஸ்டர் வரை உட்கார்ந்திருந்தார்கள். புது வாத்தியார் தோரணையாக எழுந்து, "சாக்பீஸ் பொடியைக் கரைச்சு ஒரு சோதனை காட்டிட்டு வந்துடறேன்" என்றார். மூலையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த பெண் தலையைக்கூடத் தூக்கவில்லை.

"சாக்பீஸ் பொடி கரையாதுங்க சார்."

அறையே திரும்பிப் பார்த்தது. வாத்தியாருக்குக் காது மடல் வரை சூடேறியது. அன்று முழுக்க அந்தப் பெண்மீது கோபமாக இருந்தார். மறுநாளும் கோபமாகத்தான் இருக்கிறோம் என்று நம்பிக்கொண்டு, அவர் வரும் பேருந்துக்காக நிறுத்தத்தில் நின்றார்.

"பொண்ணு பாக்கப் போனப்பவும் அதைத்தாம்மா கேட்டா. 'சாக்பீஸ் பொடி கரையுங்களா?'ன்னு. கரையாதுன்னேன். சரின்னுட்டா."

சொல்லிக்கொண்டே கீழே பார்த்தார்.

திருநீறு படிந்துவிட்டிருந்தது. மேலே தெளிந்த நீர். அடியில் வெள்ளையாக ஒரு படலம்.

வாத்தியார் தம்ளரை விரலால் தொட்டார்.

"இப்படித்தாம்மா" என்றார். "இப்படித்தான் அவளும் போய்க் கிடப்பா. கரைஞ்சாலாவது ஆறு முழுக்க இருக்கான்னு மனசைத் தேத்திக்கலாம். கரைய மாட்டா. அடியிலதான் கிடப்பா."

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதை மறைக்கக் கோபம் கொஞ்சம் சேர்த்துக்கொண்டார்.

"நீங்க சொல்லப்போறது எனக்குத் தெரியும். கலக்காம விட்டாத் தண்ணி தெளியும், மனசும் அப்படித்தான்னு சொல்லுவீங்க. அதெல்லாம் நாலு புத்தகத்துல படிச்சாச்சும்மா."

அம்மா தம்ளரை எடுத்தார். சுண்டுவிரலால் அடி வரை கலக்கினார். ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கீழே வைத்தார்.

"நான் ஒண்ணும் சொல்ல வரலீங்க. தாகமா இருந்துது."

உப்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டுபோய்ச் சோற்றுக் கஞ்சியில் ஊற்றினார். உப்பை வீணாக்குவது அம்மாவுக்குப் பிடிக்காது.

◆

ஆடி பிறந்தது. அணை திறந்துவிட்டார்கள். நடுவில் மழையும் சேர்ந்துகொண்டது. காவிரி செம்மண் நிறத்தில் கரை தொட்டு ஓடியது. மடத்துக்குப் பின்னாலிருந்த தாழ்ந்த நிலமெல்லாம் தண்ணீருக்குள் போய்விட்டது.

கயல் போன் செய்தாள்.

"அப்பா, லீவு சொல்லிட்டேன். ஆவணி பொறந்ததும் வர்றேன். இந்தத் தடவையாவது அம்மாவைக் கரைச்சிரலாம்."

"கரைக்க முடியாது கண்ணு. உங்கம்மா கேட்டாச் சிரிப்பா."

"வார்த்தையைப் புடிச்சுத் தொங்காதீங்கப்பா."

வாத்தியார் அலமாரியைத் திரும்பிப் பார்த்தார்.

"எனக்கு மட்டும் அவங்களை விட ஆசையாப்பா? ராத்திரியெல்லாம் நெனச்சுக்கறேன். எங்கம்மா ஏன் ஒரு அலமாரியில இருக்கோணும்? உசுரோட இருந்தப்ப ஒரு எடத்துல உக்காந்திருப்பாங்களா அவங்க?"

மகள் அழுவது கேட்டது. வாத்தியார் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார். மறுமுனை நின்றுபோன பிறகும் அப்படியேதான் நின்றார்.

பிறகு நேரே அம்மாவிடம் போனார்.

"அம்மா, நான் ஒரு வார்த்தை குடுத்திருக்கேன்."

"யாருக்குங்க?"

"அவளுக்கு."

அம்மா பாயைத் தட்டிப் போட்டார். வாத்தியார் உட்கார்ந்தார்.

பூங்கோதையின் தாயார் இறந்தபோது கூடுதுறைக்குப் போயிருந்தார்கள். பவானியும் காவிரியும் கூடும் இடம். ஊரே அங்கேதான் அஸ்தி விட வரும். ஐயர் மந்திரம் சொல்லி முடித்து, "கரைச்சுட்டு முழுக்குப் போடுங்கோ" என்றார். பூங்கோதை அந்த நிலைமையிலும், "கரையாதுங்க சாமி, விடறோம்" என்றார். ஐயர் எத்தனையோ பேரைப் பார்த்தவர். "உங்க இஷ்டம்மா" என்று அடுத்தவரைக் கவனிக்கப் போய்விட்டார்.

அன்று ஆற்றில் தண்ணீர் குறைவு. படிக்குப் பக்கத்தில் ஓட்டமே இல்லை. சாம்பல் மெல்ல இறங்கியது. பூங்கோதை குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அடியில் சேறு, அழுகிய மாலை, யாரோ விட்ட கிழிந்த துணி. அதன்மேல் போய் உட்கார்ந்தது.

"திரும்பி வர்றப்ப பஸ்ஸுல என் தோள்ல சாஞ்சுக்கிட்டா. 'எங்கம்மா சேத்துல படிஞ்சிட்டாங்க, நான் பாத்தேன்'னு அழுதா. பாடம் தெரியாத பொம்பளையா இருந்தா பாத்திருக்கவே மாட்டாம்மா. கரைஞ்சுட்டாங்கன்னு நிம்மதியா வீட்டுக்கு வந்திருப்பா. இவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. நான் சொன்னேன், 'உன்னை நான் அப்படிச் சேத்துல விடமாட்டேன்'னு."

"அவங்க என்னங்க சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலை. என் கையைப் புடிச்சுக்கிட்டா."

வெளியே ஆற்றின் இரைச்சல் கேட்டது.

"இப்ப நான் விட்டா என் வார்த்தை போச்சு. விடலைன்னா எம் பொண்ணு மனசு ஒடைஞ்சு போகும். நான் என்னம்மா செய்யட்டும்?"

அம்மா எழுந்து வாசல்வரை போனார். ஆற்றைப் பார்த்தார். திரும்பி வந்தார்.

"தண்ணி வடியட்டுமுங்க" என்றார்.

வாத்தியார் இந்தப் பதிலை எடுத்துக்கொண்டு போய் அரைத்த பாட்டைச் சொல்லி மாளாது. தண்ணீர் என்றால் ஆசையா? வடிவது என்றால் ஆணவமா? குளிக்கும்போது யோசித்தார். தேவாரத்துக்கு நடுவில் யோசித்து அடியை விட்டுவிட்டுப் பாடினார். துக்கம்தான் தண்ணீர், அழுது தீர்த்தால் வடியும் என்று ஒருநாள் முடிவு கட்டினார். அழுது பார்த்தார். அது தீருவதாக இல்லை.

"அம்மா சொன்னதுக்கு என்னம்மா அர்த்தம்?" என்று கடைசியில் மாராத்தாளையே கேட்டுவிட்டார்.

"தண்ணி வடியோணும்னு அர்த்தமுங்க" என்றார் மாராத்தாள். "வேறென்ன?"

◆

ஆவணி பிறந்தபோது தண்ணீர் வடிந்தது.

"வாங்க வாத்தியாரே" என்று அம்மா பின்வாசலிலிருந்து கூப்பிட்டார். "தட்டப்பயிறு ஊனலாம்."

மடத்துக்குப் பின்னால் அந்தத் தாழ்ந்த நிலம் வெளியே வந்திருந்தது. படுகை என்பார்கள். வெள்ளம் போனதும் புது மண் போர்த்திக் கிடக்கும். உழ வேண்டாம், எரு வேண்டாம். விரலால் குழி போட்டு விதையை ஊன்ற வேண்டியதுதான்.

வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். கால் கணுக்கால்வரை புதைந்தது. குளிர்ச்சியாக இருந்தது.

"நாளைக்குக் கயல் வர்றாம்மா."

"வரட்டுமுங்க. ரெண்டு கை கூட ஆச்சு."

அம்மா மடியிலிருந்து விதையை எடுத்து அவர் கையில் கொட்டினார். தான் முன்னால் குனிந்து போனார். வாத்தியார் பின்னால் போனார்.

"ஏனுங்க, இந்த மண்ணு எங்கிருந்துங்க வருது?"

கேள்வி கேட்டால் வாத்தியாருக்குப் பதில் தானாக வரும்.

"மேல இருந்து வருதும்மா. மழை மேட்டு மண்ணை அரிக்கும். ஓடை ஓடையா ஆத்துல வந்து சேரும். வேகம் இருக்கற மட்டும் தண்ணி தூக்கிட்டு வரும். இந்த மாதிரி வளைவுல வேகம் கொறைஞ்சுதுன்னா படிஞ்சிரும். வண்டல்னு சொல்லுவோம்."

"தொங்கலுங்களா, கரைசலுங்களா?"

"தொங்கல்தான். கரைஞ்சிருந்தா இங்க நிக்காதே."

"கரைஞ்சது எங்கீங்க போகும்?"

"நேரா கடலுக்குத்தான். உப்பெல்லாம் அங்கதானே போய்ச் சேருது."

"கடல் தண்ணியில பயிறு வருமுங்களா?"

"வராதும்மா" என்று சிரித்தார் வாத்தியார். குழி போட்டார். விதையை இட்டார்.

இன்னும் கொஞ்ச தூரம் போனார்கள்.

"மேலன்னா எந்தெந்த ஊருங்க?"

"கொடுமுடி இருக்கு. அதுக்கு மேல ஈரோடு. அதுக்கும் மேல பவானி, கூடுது..."

வாத்தியாரின் வாய் பாதியில் நின்றது.

கையிலிருந்த விதை நழுவியது. ஒரு காலைச் சேற்றிலிருந்து தூக்கிவிட்டார். அடுத்து எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கொக்கு மாதிரி ஒற்றைக்காலில் நின்றார்.

"அம்மா."

"சொல்லுங்க."

"இதுலயா?"

அம்மா நிமிரவில்லை. குழி போட்டுக்கொண்டே பேசினார்.

"எங்கம்மாளைக் கூடுதுறையிலதான் விட்டனுங்க. இந்தக் காவிச் சேலை கட்டறதுக்கு முன்னால. ஒரே மகள். நாந்தான் எல்லாம் செஞ்சேன்."

"அப்பறம்?"

"அப்பறம் என்னங்க. வருசா வருசம் வந்து பயிறு ஊனறேன்."

விதையை இட்டு மண்ணை மூடினார். அழுத்தவில்லை. தூங்குகிற பிள்ளைக்குப் போர்வையை இழுத்துவிடுகிற கை அது. இத்தனை நாள் பக்கத்திலேயே இருந்தும் வாத்தியார் அந்தக் கையை இப்படிப் பார்த்ததில்லை. பேச்சில் கஞ்சம் என்று இவரைத்தானே குறை பட்டுக்கொண்டோம் என்று நினைத்தார். வெட்கமாக இருந்தது.

"இது உங்கம்மாதான்னு எப்படிம்மா தெரியும் உங்களுக்கு?"

"தெரியாதுங்க."

"ஊர்ல இருக்கறவங்க எல்லாருமே இருப்பாங்களே இதுல."

"இருப்பாங்க."

"யாருன்னே தெரியாதவங்க."

"ஆமாங்க" என்றார் அம்மா. "பயிறு நல்லா வருது."

வாத்தியார் தூக்கிய காலைப் பார்த்தார். விரலிடுக்கில் அந்தப் புது மண் ஒட்டியிருந்தது. பூங்கோதையின் தாயார் ஞாபகம் வந்தது. கல்யாணமான புதிதில் மாப்பிள்ளைக்கென்று தனியாக எள்ளுருண்டை எடுத்து வைத்து, மகளுக்குத் தெரியாமல் கையில் திணிக்கும் மனுஷி. சேற்றில் படிந்துவிட்டார் என்று மகள் அழுத அந்த மனுஷி.

காலை மெதுவாகக் கீழே வைத்தார். மண் அதை வாங்கிக்கொண்டது.

அப்புறம் அவர் அழுதார். குனிந்தபடி, குழி போட்டபடி, விதை இட்டபடி அழுதார். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. வரிசையின் கடைசிவரை இருவரும் போனார்கள். அங்கே படுகை முடிந்து ஆறு தொடங்கியது. தண்ணீர் இன்னும் கலங்கலாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

வாத்தியார் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார். கேட்க ஒரு கேள்வி இருந்தது, கேட்கத்தான் கூச்சமாக இருந்தது.

"அம்மா, நாளைக்கு நான் பவானிக்கே போய் விட்டுட்டு வரட்டுமா?"

"ஏனுங்க?"

"மேல விட்டா, அடுத்த வெள்ளத்துல அவ இங்க வந்து படிவா. நம்ம படுகையிலயே. நான் பாத்துக்குவேன்."

அம்மா சிரிக்கவில்லை. நிமிர்ந்து நின்றார். பிறகு ஆறு போகிற பக்கம் கையை நீட்டினார். கரை நெடுக வாழைத் தோட்டம் தெரிந்தது. அதற்கும் அப்பால் ஏதோ ஒரு ஊரின் கோபுரம் தெரிந்தது. யாரோ ஒருவர் அவ்வளவு தூரத்தில் குனிந்து எதையோ நட்டுக்கொண்டிருந்தார்.

"நமக்கு மேல இருக்கறவங்க விட்டாங்க" என்றார் அம்மா. "கீழ இருக்கறவங்களுக்கு ஆருங்க விடுவாங்க?"

◆

மறுநாள் காலையிலேயே கயல் வந்துவிட்டாள். அப்பாவிடம் எப்படியெல்லாம் பேசி மனதைத் திருப்புவது என்று பேருந்தில் வழி முழுக்க யோசித்துக்கொண்டே வந்தவள். அப்பா குளித்து முடித்து, பானையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"காரு சொல்லட்டுங்களாப்பா? கூடுதுறைக்கா, கொடுமுடிக்கா?"

"இங்கயேதான் கண்ணு. பின்னாடி."

படுகையின் ஓரம்வரை பின்னாலேயே வந்தாள். நின்றுவிட்டாள்.

"அப்பா, இங்க படித்துறைகூட இல்லையே. ஒரே சேறா இருக்குது."

"ஆமாம் கண்ணு, நல்ல சேறு" என்றார் வாத்தியார். "செருப்பைக் கழட்டிட்டு எறங்கு."